தாம்பத்திய ஆசை குறைந்த பெண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

இந்தக் குறையோடு வருகிற பெண்களில் பலர் கடைசிப் படியில்தான் முதலில் காலை வைக்கிறார்கள். ஒருவர் நீலகிரி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, தனியார் ஆய்வகத்தில் ‘முழு ஹார்மோன் பேக்கேஜ்’ எடுத்து, நாலு பக்க ரிப்போர்ட்டோடு வருவார். இன்னொருவர் செல்போன் விளம்பரத்தைப் பார்த்து லேகியம் வரவழைத்து, பாதி டப்பா காலியான பிறகு வருவார். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எஸ்டேட் லைன்களிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: வரிசை சரியாக இருந்தால் அந்த நாலு பக்க ரிப்போர்ட் பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே போகிற ஒவ்வொரு நாளும் உருப்படியாக இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் இந்தப் படிகளை அடுக்கியிருக்கிறேன். எந்தப் படியையும் தாண்டிப் போக வேண்டாம்.

1. இது யாருடைய குறை?

ஆசை குறைவதை ஒரு நோயாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதமாவது அது நீடித்திருக்க வேண்டும். அது உங்கள் மனதை வருத்த வேண்டும். ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதனால் எனக்கு வருத்தமும் இல்லை’ என்றால் உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. கணவருக்கு மட்டும் மனக்குறை என்றால் அதை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். உங்கள் ரத்தத்தை எடுத்துச் சோதிப்பதால் அது தீராது.

ஆசை தானாகத் தோன்றினால்தான் ஆசை என்று பலர் நினைக்கிறார்கள். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆன பெண்களில் நிறையப் பேருக்கு அது முன்கூட்டி வருவதில்லை. நெருக்கம், தொடுதல், பேச்சு எல்லாம் தொடங்கிய பிறகுதான் வரும். தொடங்கினால் நன்றாகத்தான் இருக்கிறது, தானாக மட்டும் நினைப்பு வருவதில்லை என்பவர்கள் பயப்பட வேண்டாம். அதுவும் இயல்புதான்.

கணவரின் நிலையையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். பல வருடச் சர்க்கரை நோயாலோ குடியாலோ அவருக்கு விறைப்பு சரியாக இல்லாமல் போயிருக்கலாம். அதை வெளியே சொல்ல முடியாமல் அவர் விலகிப்போவார்; மனைவி தன்னிடம்தான் குறை என்று முடிவு கட்டிவிடுவார். அப்படியென்றால் முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர் அவர்.

அடிக்குப் பயந்து, குடித்துவிட்டு வருகிறவரின் வற்புறுத்தலுக்குப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் பொருந்தாது. பயம் இருக்கும் இடத்தில் உடம்பு ஒதுங்குவது சரியான வேலைதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவி மீதான பாலியல் வன்கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. பெண்கள் உதவி எண் 181.

2. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. அதில் ஒரு மாதத்துக்கு ஐந்து விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: மாதவிலக்கு வந்த நாள், தூக்கம், உறவின்போது வலி இருந்ததா, உடம்பில் திடீர்ச் சூடும் வியர்வையும் வந்ததா, ஆசை தோன்றியதா. கடைசிக் கேள்விக்கு உண்டு, இல்லை என்று ஒரு குறி போதும். சுவரில் தொங்கும் காலண்டரில் எழுத வேண்டாம். மாமியார் முதல் பால்காரர் வரை எல்லோரும் பார்ப்பார்கள். எழுத வராதவர்கள் கோடு, புள்ளி, வட்டம் என்று தங்களுக்குப் புரிகிற குறியை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் எதற்கு என்றால், ஓ.பி.யில் டாக்டர் கொடுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ‘ரொம்ப நாளாக’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ‘மாதவிலக்கு ஐம்பது நாளுக்கு ஒருமுறை, இரவில் நாலு முறை வியர்த்து எழுகிறேன், உறவில் எரிகிறது’ என்றால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது மாத்திரைகள். சாப்பிடுகிற எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப்போங்கள். இங்கேதான் அடிக்கடி சறுக்குகிறது. மருந்துக் கடையில் அட்டையை வெட்டி ஆறு மாத்திரை கொடுப்பார்கள்; பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும். காகித உறையில் இரண்டு வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் கொண்டுவந்து டாக்டர் மேசையில் கொட்டினால் அவர் என்ன செய்வார்? பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் அட்டையை எடுக்காமல் கிளம்பவே வேண்டாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். இந்த ஒரு வரி சிகிச்சையையே மாற்றிவிடும். ‘எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்’ என்ற பதில் உதவாது. அட்டை தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் நகல் கேளுங்கள். மறுத்தால் ஸ்கேனில் பார்க்கச் சொல்லலாம்.

3. வலி இருந்தால் முதலில் வலியைத் தீருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். வலிக்கிற காரியத்தில் உடம்புக்கு விருப்பம் வராது. நாலைந்து முறை வலித்துவிட்டால் அடுத்த முறை தொடும்போதே இடுப்புத் தசைகள் தாமாக இறுகும். இறுகினால் வலி கூடும். அதன் பிறகு ‘ஆசை போய்விட்டது’ என்று ஒரு பெயர் வைத்துவிடுவோம். வலியை வைத்துக்கொண்டு எந்த ஹார்மோனைச் சாப்பிட்டாலும் ஆசை திரும்பாது.

வலி எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நுழைவாயிலில் எரிச்சல், உலர்ந்து கிழிவது போன்ற உணர்வு என்றால் பெரும்பாலும் வறட்சி. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது பிறப்புறுப்பின் தோல் மெலிந்து ஈரம் வற்றுகிறது. சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் கூடவே வரும். அரிப்பும் தயிர்போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வலி அடிவயிற்றில் ஆழத்தில் இருந்தால், அதுவும் மாதவிலக்கு நாட்களில் கூடினால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளர்வது), கட்டி, உள்தொற்று போன்றவற்றைப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வறண்ட தோலை அது மேலும் வறட்டும். நல்ல கிருமிகளையும் அழிக்கும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

டாக்டரைப் பார்க்கும்வரை மருந்துக் கடையில் கிடைக்கும், நீர் கலந்த மசகு ஜெல்லைப் பயன்படுத்தலாம். வாசனை சேர்த்ததும், சூடேற்றும் என்று எழுதியிருப்பதும் வேண்டாம். தேங்காய் எண்ணெயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அரிப்பு, தொற்று இல்லாதவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் ஆணுறையோடு சேர்க்கக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் உறை கிழிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் நம் ஊரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் விழாது, வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கிச் சூடாகவே தடவிக்கொண்டு புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. உள்ளங்கையில் தேய்த்தாலே உருகும்.

வலி தீரும்வரை உள்ளே செலுத்தும் உறவை நிறுத்திவையுங்கள். நெருக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால்தான் சின்ன வறட்சி பெரிய வெறுப்பாகிறது.

4. மாத்திரைப் பையைச் சோதியுங்கள்

பரிசோதனைக்கு முன் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. சில மாத்திரைகள் ஆசையையும் குறைக்கும், ரத்த ரிப்போர்ட்டையும் மாற்றிக் காட்டும். பிறகு இல்லாத நோயைத் தேடிக் கோவைக்கு அலைய வேண்டியிருக்கும்.

முதல் சந்தேகம் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பல மாத்திரைகளில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் அல்லது லீவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். இவை இரண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தும். தாய்ப்பால் சுரக்கச் செய்கிற ஹார்மோன் அது. உயர்ந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் குறையும், ஆசையும் குறையும். பத்து நாளுக்கு எழுதித் தந்ததைப் பத்து மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அட்டையைப் பாருங்கள்.

மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தருகிற செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூவாக்செட்டின் வகை மாத்திரைகள் ஆசையையும் உச்சத்தையும் குறைப்பது நன்கு தெரிந்த பக்கவிளைவு. ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள் புரோலாக்டினை உயர்த்தும். இவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். ‘இந்த மாத்திரை தொடங்கிய பிறகு விருப்பம் போய்விட்டது’ என்று, அந்த மாத்திரையை எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும். மன அழுத்தமே ஆசையைக் கொல்லும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டியிருப்பதால், இது அவர் முடிவு.

கருத்தடை முறைகளில், கலப்பு ஹார்மோன் மாத்திரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசியும் சிலருக்கு ஆசையைக் குறைக்கலாம், எல்லோருக்கும் இல்லை. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மீதுதான் எங்கள் பக்கம் பெரிய பழி. அதில் குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். சினைப்பை அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆபரேஷன் ஆன வயதும் பிள்ளை வளர்ப்பின் அலுப்பும் ஒன்றாக வந்து சேர்வதால் பழி அதன்மேல் விழுகிறது.

5. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

எந்த ஹார்மோனைச் சந்தேகிப்பது என்பதை வயதும் கட்டமும்தான் சொல்லும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கிற பரிசோதனை வீண் செலவு.

பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவர்களுக்குப் புரோலாக்டின் உயர்ந்தும் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் இருப்பது இயற்கை. வறட்சியும் விருப்பமின்மையும் சேர்ந்தே வரும். பால் கொடுப்பது குறையக் குறையச் சரியாகும். இவர்கள் புரோலாக்டின் பரிசோதனை எடுக்கவே தேவையில்லை. ஆனால் பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் படபடப்பு, பிறகு மிகுந்த சோர்வு, முடி உதிர்தல் என்று மாறி மாறி வந்தால் தைராய்டைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு வீங்கிச் சுணங்குவது உண்டு. காரணமில்லாத அழுகையும் பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லாமையும் இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். திடீர்ச் சூடு, இரவு வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை. ஊட்டிக் குளிரில் இரண்டு கம்பளியையும் உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்காருகிறவரைப் பார்த்து வீட்டார் காய்ச்சல் என்று நினைப்பார்கள். இந்தக் கட்டத்தில் ஆசையைக் கெடுப்பது பெரும்பாலும் தூக்கம் கெடுவதுதான். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று பொருள். நாற்பத்து மூன்று வயதில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. ஐம்பதுக்கு முன் நின்றவர்கள் இரண்டு வருடமும், அதற்குப் பின் நின்றவர்கள் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இவையெல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும். ஈஸ்ட்ரோஜனோடு, பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோனும் சரிந்துவிடுகிறது. சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கும் அது வழக்கத்தைவிடச் சில வருடம் முன்பே ஓய்ந்துபோகலாம்.

நாற்பது வயதுக்குள் மாதவிலக்கு நின்றவர்கள் ‘தொல்லை விட்டது’ என்று இருந்துவிடக் கூடாது. எலும்பும் இதயமும் பாதிக்கும். ஆசை பற்றிய கவலை இல்லாவிட்டாலும் இவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

6. எங்கே போவது, எப்படிச் சொல்வது

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீர், கர்ப்பம் இவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். முப்பது வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் உண்டு. போன கையோடு அதையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மகப்பேறு மருத்துவர்: குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள், ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்த நாளில் மகப்பேறு டாக்டர் இருப்பார் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்காமல் போய்த் திரும்புவதில்தான் அதிகக் கூலி போகிறது. 104க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

துணைக்கு வருகிறவர் வெளியே உட்காரட்டும். நாத்தனாரையோ பக்கத்து லைன்காரரையோ அறைக்குள் வைத்துக்கொண்டு யாராலும் உண்மையைச் சொல்ல முடியாது. ஆண் டாக்டர் உள்பரிசோதனை செய்தால் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ‘உடம்பு அசதி’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சத்து மாத்திரையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். இதை அப்படியே சொல்லுங்கள்: ‘டாக்டர், எட்டு மாதமாகத் தாம்பத்தியத்தில் விருப்பம் இல்லை. முன்பு இருந்தது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. உறவில் எரிச்சலும் இருக்கிறது.’ சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி நீட்டுங்கள். ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்று ஒரு டாக்டர் ஒரு பெண்ணைச் சிரித்துத் திருப்பியனுப்பியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு டாக்டரிடம் போங்கள்.

7. ரத்தப் பரிசோதனை: எவை போதும், எப்படி எடுப்பது

பெரும்பாலானவர்களுக்கு மூன்று போதும்: ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, பிள்ளைக்குப் பால் கொடுக்காத காலத்தில் மார்பில் பால் கசிந்தாலோ புரோலாக்டினைச் சேர்க்க வேண்டும்.

எவை வேண்டாம்? நாற்பத்தைந்து தாண்டி, சூடும் வியர்வையும் இருந்து, மாதவிலக்கும் தாறுமாறாக இருப்பவருக்கு, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். பார்க்கத் தேவையில்லை. அந்த வயதில் அது இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று காட்டும். நாற்பதுக்குள் நின்றவர்களுக்கு அது வேண்டும், அதுவும் நாலு முதல் ஆறு வாரம் விட்டு இரண்டு முறை. டெஸ்டோஸ்டிரோன் அளவை வைத்து ஆசைக் குறைவைக் கண்டுபிடிக்கவே முடியாது. குறைந்த அளவுள்ள பலருக்கு ஆசை நன்றாக இருக்கும். இயல்பான அளவுள்ளவர்களுக்கு இல்லாமலும் இருக்கும். பேக்கேஜில் விலையை ஏற்றுவது இந்த இரண்டும்தான்.

எடுக்கும் முறையில் நடக்கும் பிழைகள்:

புரோலாக்டின் ஓட்டத்திலும் பதற்றத்திலும் ஏறும். முதல் பஸ்ஸைப் பிடிக்க லைனிலிருந்து மேட்டில் ஓடிவந்து, இறங்கியதும் ஊசிக்குக் கையை நீட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வந்து அரைமணியாவது உட்கார்ந்த பிறகு கொடுங்கள். கொஞ்சம் கூடியிருந்தால் பயப்படாமல் மறுமுறை எடுக்கச் சொல்லுங்கள். மிகவும் கூடி, தலைவலியும் பார்வை மங்கலும் இருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடி வளர என்று சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டைத் தவறாகக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாம்.

ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. அசந்து கிடக்கும் உடம்பில் ஆசையைத் தேடுவது வீண். இதை முதலில் தீர்க்க வேண்டும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாளணு ரத்தசோகை (சிவப்பணு அரிவாள் வடிவாக மாறும் பரம்பரை நோய்) இருக்கிறது. இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இரும்பு மாத்திரையில் ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

8. தேயிலை ஊரின் தனிச் சிக்கல்

இதற்குத் தனியாக ஒரு படி வைக்கக் காரணம், பாதி மருந்து இங்கே டீயில் கரைந்து போகிறது.

காலை ஐந்தரைக்கு அடுப்பில் டீ கொதிக்கும். ஒரு கையில் டம்ளர், மறு கையில் தைராய்டு மாத்திரை. அந்த மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்தால்தான் உடம்பில் ஏறும். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இது முடியாத காரியம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவருகிறது. பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். ஆவியிலும் மூடுபனி ஈரத்திலும் மாத்திரை கெட்டுவிடும்.

இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் ஆகவே ஆகாது. டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நல்லது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

9. சிகிச்சை: ஒரு நேரத்தில் ஒன்று

நாலு சிகிச்சையை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எது கெடுதல் செய்தது என்றும் தெரியாது.

வறட்சிக்கு: பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள், டாக்டர் சொன்ன அளவில். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டில் புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து, வாங்கிய டியூபை அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். சந்தேகத்தை டாக்டரிடம் கேட்டுத் தெளியுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் டாக்டரையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துவது அடுத்த பிழை. தோல் மீண்டும் தடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நிறுத்தினால் வறட்சி திரும்பும்.

சூடும் வியர்வையும் தூக்கத்தைக் கெடுத்தால்: உடல் முழுவதற்குமான ஹார்மோன் சிகிச்சை. அறுபது வயதுக்கு உட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்து வருடம் ஆகாதவர்களுக்கு நன்மை பெரும்பாலும் அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தல், பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் கூடாது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தரக் கூடாது, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். இல்லையென்றால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். உறவினர் சாப்பிடுகிற மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

தைராய்டுக்கு மருந்து தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. முன்பே எடுத்தால் எண் சரியாக நிலைத்திருக்காது. டி.எஸ்.எச். கொஞ்சமே கூடியவர்களுக்கு அதுதான் ஆசைக் குறைவின் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எண் சரியான பிறகும் விருப்பம் வராவிட்டால் ஏமாற வேண்டாம், மற்றப் படிகளுக்குத் திரும்புங்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு, மற்றக் காரணங்கள் எல்லாம் தீர்ந்தும் ஆசை வராதவர்களுக்குச் சிறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் உதவலாம் என்பது 2019இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட கருத்து. இது நிபுணர் கையில் இருக்க வேண்டிய மருந்து. ஆண்களுக்கான ஜெல்லை அளவு தெரியாமல் தடவினால் முகத்தில் மீசையும் பருவும் வரும். மாறிய குரல் திரும்பாமலும் போகலாம்.

10. வீட்டில் செய்ய வேண்டியது

லைன் வீட்டில் பக்கத்து வீட்டு இருமல் கேட்கும். ஒரே அறையில் மாமியார், பிள்ளைகள். இந்த நிலையில் ஹார்மோன் நன்றாக இருந்தாலும் மனம் இளகாது. தனி அறை கட்ட முடியாது. நேரத்தை மாற்ற முடியும். அலுத்துப் படுத்த இரவு பதினொரு மணியைவிட, பிள்ளைகள் வெளியே போன ஞாயிற்றுக்கிழமைப் பகல் பலருக்கு ஒத்துவருகிறது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். செய்து பார்த்தவர்கள் திரும்ப வந்து சொன்னது இதைத்தான்.

கணவரிடம் படுக்கையில் பேச வேண்டாம். அங்கே பேசினால் மறுப்பாகத்தான் காதில் விழும். சந்தைக்கு நடந்து போகும்போது பேசுங்கள். ‘எனக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை, உடம்பு வறண்டு வலிக்கிறது, டாக்டர் மருந்து தந்திருக்கிறார், இரண்டு மாதம் பொறுங்கள்’ என்பது போதும். மருந்து இருக்கிறது என்பதையும் எத்தனை நாள் என்பதையும் சொல்வது முக்கியம். காலக்கெடு தெரிந்தால் மனிதர்கள் பொறுப்பார்கள்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து தண்ணீர், சமையல், துணி எல்லாம் ஒருவரே பார்க்கும் வீட்டில் ஆசைக்கு மருந்து கேட்பதில் பொருளில்லை. தண்ணீரைக் கணவர் எடுக்கட்டும்.

11. வாங்கக் கூடாதவை

பெயரில்லாத லேகியம், ‘பெண்களுக்கான வயாகரா’ என்று கூரியரில் வரும் மாத்திரை, பக்கவிளைவே இல்லை என்ற உத்தரவாதம். இவற்றில் ஸ்டீராய்டோ ஈயம், பாதரசமோ கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போங்கள்; மற்ற மாத்திரைகளின் பட்டியலை அங்கேயும் காட்டுங்கள். ஆண்கள் சாப்பிடும் சில்டெனாஃபில் பெண்களின் ஆசையைக் கூட்டுவதாக நிரூபணமாகவில்லை.

12. காத்திருக்கக் கூடாதவை, மறுமுறை போவது

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலும் நோட்டு நிறையக் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். கடைசியாகச் சொன்னதற்கு அன்றே 14416.

மற்றவர்கள் மூன்று மாதம் கழித்து அதே நோட்டோடு போக வேண்டும். அதற்குள் தினமும் ஆசை வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டிருப்பது வேண்டாம். முதலில் வலி போகும், பிறகு தூக்கம் சரியாகும், அசதி குறையும். விருப்பம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். மூன்று மாதத்தில் வலி நின்றிருந்து ஆசை மட்டும் வராவிட்டால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று டாக்டரை மாற்றாமல், அதே டாக்டரிடம் ‘வலி போய்விட்டது, அடுத்தது என்ன’ என்று கேளுங்கள். மாத்திரையை மாற்றுவதா, மனநல ஆலோசனையா, தம்பதியாக வரச் சொல்வதா, கோவைக்கு அனுப்புவதா என்பதை அவர் முடிவு செய்ய நோட்டின் மூன்று மாதப் பக்கங்களும் பெயருள்ள மாத்திரை அட்டைகளும் போதும்.